வீட்டு அடுப்பில் பிறந்த கடைப் பெயர்



சென்ற மாதக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பலசரக்குக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "அண்ணாச்சி, எங்க அம்மா சுடுற முறுக்கையும் மாவுருண்டையையும் சொந்தக்காரங்க விசேஷத்துக்கெல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. என் மகன் பாட்டி பேர்லயே ஒரு கடை போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். பைபாஸ் பக்கம் கிடக்கிற மனையை வச்சுப் பணம் புரட்டலாமான்னு யோசனை. நீங்க சொல்லுங்க" என்றார்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் மைதா, சீனி, எண்ணெய் மொத்த வியாபாரி. ஊரில் ஒரு பலகாரக் கடை கூடினால் எனக்கு லாபம்தான். அப்படிப்பட்டவன் "போடுங்க" என்றால் அது சுயநலம். "வேண்டாம்" என்றால் பிள்ளையின் ஆர்வத்தில் தண்ணீர் ஊற்றியது போலாகும். எனவே, நேரில் பார்த்தும் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்ட ஒரு குடும்பக் கடையின் வரலாற்றை அவருக்குச் சொன்னேன். மற்ற உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்று இதழாசிரியர் கேட்டதால் இங்கே எழுதுகிறேன்.

2023ல் கலிபோர்னியாவில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். ஒருநாள் மருமகன் ஒரு கடையிலிருந்து அட்டைப்பெட்டியில் வட்டமாக ஒரு பலகாரம் வாங்கி வந்தார். பெட்டியில் 'மேரி கேலண்டர்' என்று பெயர். அதே வாரம் மகள் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து உறையவைத்த பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். அதிலும் 'மேரி கேலண்டர்' என்றுதான் போட்டிருந்தது. ஒரே முதலாளியின் இரண்டு சரக்கு என்று நினைத்துக்கொண்டேன். விசாரித்தால் இரண்டுக்கும் முதலாளி வேறு வேறு. கேலண்டர் குடும்பத்தார் இரண்டிலும் இல்லை. பழைய வியாபாரிக்கு இதைக் கேட்டபின் தூக்கம் வருமா? அங்கிருந்துதான் இந்த விஷயத்தைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் பலகாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் 'பை'. (நம் துணிப்பை அல்ல.) மாவைத் தட்டையாகத் தேய்த்துத் தகரத் தட்டில் பரப்பி, உள்ளே பூரணம் வைத்து, பெரும்பாலும் மேலேயும் ஒரு மாவு மூடி போட்டு, அவனில் சுடுவது. ஆப்பிள், செர்ரி, எலுமிச்சை, பறங்கிக்காய் என்று பூரணம் பல வகை. கோழி, மாட்டிறைச்சி வைத்த உப்புப் பையும் உண்டு. நம் சோமாசை எண்ணெயில் பொரிக்காமல், ஒன்பது அங்குல அகலத்தில் ஒரே வட்டமாகச் சுட்டு, துண்டு போட்டு விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் சூட்சுமம் ஓட்டில் இருக்கிறது. எடைக் கணக்கில் மூன்று பங்கு மைதா, இரண்டு பங்கு வெண்ணெய் அல்லது வனஸ்பதி, ஒரு பங்கு தண்ணீர் என்பது பேக்கரிக்காரர்களின் பழைய அளவு. கொழுப்பும் தண்ணீரும் சில்லென்று இருக்க வேண்டும். மாவைப் பரோட்டாவுக்கு அடிப்பதுபோல் அடித்துப் பிசைந்தால் போச்சு, ஓடு தோலாகிவிடும். கொழுப்பு கரையாமல் சிறு சிறு துண்டாக மாவுக்குள் இருந்தால்தான், அவன் சூட்டில் அது உருகி, தண்ணீர் ஆவியாகி, ஓடு அடுக்கடுக்காகப் பொரபொரவென்று வரும். இதைக் கையால் செய்து பழகியவர்கள் வீட்டுப் பெண்கள். அதனால்தான் அமெரிக்காவில் பை என்றாலே 'பாட்டி கைப்பக்குவம்' என்ற எண்ணம் முதலில் வருகிறது. நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை வரும் நன்றி கூறும் திருநாளுக்குப் பறங்கிக்காய்ப் பை இல்லாத வீடு குறைவு. நமக்குத் தீபாவளி விற்பனை எப்படியோ, பைக் கடைக்காரருக்கு அந்த வாரம் அப்படி.

கைப்பக்குவம் அருமையான சரக்குதான். ஆனால் எளிதில் கெடும் சரக்கு. பழப் பை ஓரிரு நாள் தாங்கும். பால், முட்டை சேர்த்தது குளிர்பெட்டியில் இருந்தாக வேண்டும். ஓடு ஊறிப்போனால் வாங்க ஆள் இல்லை. மூட்டையை இந்த மாதம் விற்காவிட்டால் அடுத்த மாதம் விற்கலாம் என்று பழகிய நம்மைப்போன்றவர்களுக்கு இது வேறு உலகம்.

மேரி கேலண்டர் அம்மாள் 1907ல் தெற்கு டகோட்டா மாநிலத்தில் பிறந்தவர். பின்னர் கலிபோர்னியாவுக்கு வந்த குடும்பம். 1940களில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். மதியக் கூட்டத்துக்குப் பை செய்யச் சொன்னார் முதலாளி. அம்மாள் வீட்டிலேயே சுட்டுக் கொடுத்தார். கேட்பவர் கூடக் கூட, மாவு மூட்டைகளை வீட்டுக்குச் சுமப்பது முடியாமல் போயிற்று. தனியாகவே தொழில் தொடங்குவது என்று குடும்பம் முடிவு செய்தது.

1948ல் குடும்பக் காரை 700 டாலருக்கு விற்றார்கள். லாங் பீச் நகரில் போர்க்காலத்து அரைவட்டத் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். ஓர் அவன், ஒரு குளிர்பெட்டி, பூரிக்கட்டை, சில கைச்சாமான்கள். இவ்வளவுதான் முதல். அம்மாள், கணவர் கால், மகன் டான் என்று மூன்று பேர். ஆரம்பத்தில் நாளைக்குச் சுமார் பத்து பை. இரண்டு வருஷத்தில் நாளைக்கு இருநூறு. 1964 வாக்கில் ஆயிரக்கணக்கில்.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். 1948 முதல் 1964 வரை, பதினாறு வருஷம், அவர்களுக்குப் பொதுமக்களுக்கான கடையே கிடையாது. போர்டு கிடையாது, கண்ணாடி அலமாரி கிடையாது. ஓட்டல்களுக்கு மொத்தமாகப் போட்ட சரக்கு அது. கையில் இருந்த காரை விற்றார்களே தவிர, பெரிய கடையாகத் திறக்கவில்லை. அதிகம் விற்கும் வரை அதிகம் செலவு செய்யவில்லை.

நாளைக்குப் பத்து பை சுடும்போது அம்மாளின் கை அளவு போதும். ஒரு சிட்டிகை, ஒரு கரண்டி, கண் மட்டம். நாளைக்கு இருநூறு என்றால் அது நடக்காது. மாவைப் பிசைய ஒருவர், தேய்க்க ஒருவர், பூரணம் வைக்க ஒருவர் என்று ஆகிவிடும். அப்போது அம்மாளின் கையை எடைக்கல்லாக மாற்றினால்தான் திங்கட்கிழமை பையும் சனிக்கிழமை பையும் ஒன்றாக இருக்கும். ஓட்டல்காரர் ருசியைப் பாராட்டுவார், ஆனால் அவர் பணம் கொடுப்பது ஒரே மாதிரி வருவதற்கும் நேரத்துக்கு வருவதற்கும். நாற்பது வருஷமாக ஓட்டல்களுக்குச் சரக்குப் போடுகிறவன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன்.

1964ல்தான் கால், டான் இருவரும் ஆரஞ்சு என்ற ஊரில் முதல் சில்லறைக் கடையைத் திறந்தார்கள். தொடக்கத்தில் வந்தவர்களுக்கு ஒரு துண்டு பையும் காபியும் இலவசமாகக் கொடுத்து இழுத்தார்கள். முதல் வருஷமே லாபம் வந்தது.

பதினாறு வருஷம் மொத்தத்தில் ஓடிய சரக்கை ஏன் சில்லறைக்குக் கொண்டுவந்தார்கள்? இது என் ஊகம்தான், கணக்கைப் பாருங்கள். நம் ரூபாயில் உதாரணத்துக்குச் சொல்கிறேன். ஒரு பையை ஓட்டலுக்கு 200 ரூபாய்க்குப் போடுகிறோம். ஓட்டல்காரர் அதை ஏழு துண்டாக்கித் துண்டு 60 ரூபாய்க்கு விற்றால் 420. கூடவே ஏழு காபி விற்கும். அவருக்கு அடுப்பு வேலை இல்லை, கத்தி வேலை மட்டும். சுடுகிறவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவர். இந்த வித்தியாசம் எந்தக் குடும்பத்துக்கும் ஒருநாள் கண்ணில் படும். ஆனால் ஒன்று. அந்த 420லிருந்து கடை வாடகை, வேலையாள், மின்சாரம், மீந்துபோன துண்டு எல்லாம் கழிய வேண்டும். இவர்கள் சில்லறைக்கு வந்தபோது ஆயிரக்கணக்கில் ஓடும் பேக்கரி பின்னால் இருந்தது. கடை ஆறு மாதம் படுத்தாலும் குடும்பம் படுக்காது. இதை விட்டுவிட்டு 1964ஐ மட்டும் பார்த்து ஆசைப்படுவது தவறு.

கடையில் அவர்கள் செய்த ஒரு சின்னக் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. முழுப் பை வாங்குகிறவருக்குப் பெயர் பொறித்த தகரத் தட்டோடு கொடுத்து, தட்டுக்கு ஒரு சிறு முன்பணம் வாங்கினார்கள். தட்டைத் திருப்பினால் பணம் திரும்பும். நம் ஊரில் ஒரு காலத்தில் சோடா பாட்டிலுக்கு வாங்கினோமே, அதே முறை. தட்டைத் திருப்ப வருகிறவர் வெறுங்கையோடு போவாரா? திருப்பாதவர் வீட்டில் கடைப் பெயர் பரணில் இருக்கும். விளம்பரச் செலவு வாடிக்கையாளருடையது.

ஒரு கடை பலவாயிற்று. பை, காபியோடு சூப், சாண்ட்விச், சோள ரொட்டி என்று சேர்ந்து, பலகாரக் கடை சாப்பாட்டுக் கடையானது. மகன் டான்தான் இதற்கு ஓட்டம். 1986ல், நூறுக்கு மேல் கடைகள் இருந்த நிலையில், ரமடா என்ற ஓட்டல் கம்பெனிக்கு விற்றார்கள். அம்மாள் 1995ல் தமது 88ஆம் வயதில் காலமானார்.

விற்றது தவறென்று நான் சொல்ல வரவில்லை. காரை விற்றுத் தொடங்கிய குடும்பம் கை நிறையப் பணத்தோடு வெளியே வந்தது. ஒரு வியாபாரிக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் விற்ற பிறகு நடந்ததைப் பார்த்தால்தான், இத்தனை வருஷமாக அவர்கள் என்ன சரக்கு சேர்த்துவைத்திருந்தார்கள் என்பது விளங்கும்.

ரமடாவுக்குப் பின் கடைகள் பல கை மாறின. 1994லிருந்து அந்தப் பெயரில் உறைபண்டம் தயாரித்து விற்கும் உரிமம் கொனாக்ரா என்ற பெரிய உணவுக் கம்பெனியிடம் இருந்தது. 2006ல் கடைகள் பெர்கின்ஸ் என்ற இன்னொரு உணவக நிறுவனத்தோடு சேர்ந்தன. 2011ல் அந்தக் கூட்டு நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதே வருஷம் 'மேரி கேலண்டர்' என்ற வணிகக் குறியைக் கொனாக்ரா விலைக்கே வாங்கிக்கொண்டது. விலை 5 கோடியே 75 லட்சம் டாலர். கடைகளுக்குப் பெயரை வைத்துக்கொள்ள உரிமம் தரப்பட்டது. 2019ல் மறுபடியும் திவால். ஒரே நாளில் 19 கேலண்டர் கடைகள் மூடப்பட்டன. மீதமிருந்த கடைகள் விலைபோனது 17 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு.

இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அடுப்பு, மேஜை, நாற்காலி, வேலை தெரிந்த ஆட்கள், வாடிக்கையாளர் எல்லாம் உள்ள கடைகள் 17½ லட்சம். வெறும் பெயர் 575 லட்சம். முப்பது மடங்குக்கு மேல். கடைகளுக்கு வாடகைப் பாக்கி, குத்தகைப் பொறுப்பு என்று சுமை இருந்திருக்கும், இரண்டு விற்பனைக்கும் நடுவே எட்டு வருஷமும் உண்டு. அதனால் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. மகள் வீட்டு மேஜையில் இரண்டு முதலாளிகள் ஒரே பெயரில் வந்து உட்கார்ந்த கதையும் இதுதான்.

பெயர் வேறு கைக்குப் போவதில் இன்னொன்றும் உண்டு. 2010ல் அந்தப் பெயரில் வந்த கோழி–அரிசி உறைபண்டம் ஒன்று சால்மோனெல்லா கிருமித் தொல்லையால் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அம்மாள் இறந்து பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பண்டத்தை அவர் செய்யவும் இல்லை, செய்யச் சொல்லவும் இல்லை. செய்தியில் வந்தது அவர் பெயர்.

இது ஒரு குடும்பத்துக்கு மட்டும் நடந்ததல்ல. பென்சில்வேனியாவில் பாட்ஸ்டவுன் என்ற ஊரில் அமண்டா ஸ்மித் என்ற அம்மாள் சுட்ட பையை மகன் ராபர்ட் விற்கத் தொடங்கி 'மிஸஸ் ஸ்மித்' என்று பெரிய பெயராயிற்று. 1976ல் கெல்லாக் கம்பெனி வாங்கியது. பிறகும் பலமுறை கை மாறியது. இன்றும் பெட்டியில் ஸ்மித் அம்மாள் பெயர் இருக்கிறது.

எல்லாப் பைக் கடையும் இப்படித்தான் முடியுமா என்று கேட்டால், லண்டனில் வேறு மாதிரி ஒன்று இருக்கிறது. டவர் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள மான்சே கடை. இத்தாலியிலிருந்து சிறுவனாக வந்த மிக்கேலே மான்சே, ராபர்ட் குக் என்ற பைக் கடைக்காரரின் மகள் அடாவை மணந்தார். மாமனார் கடையை 1902ல் தம் பெயருக்கு எடுத்துக்கொண்டார். மாட்டிறைச்சிப் பை, மசித்த உருளைக்கிழங்கு, மேலே பார்ஸ்லிக் கீரையில் செய்த பச்சைக் குழம்பு, பக்கத்தில் விலாங்கு மீன். துறைமுகத் தொழிலாளிகள் மலிவாக வயிறு நிறையச் சாப்பிட்ட சாப்பாடு. பளிங்கு மேஜை, மர பெஞ்சு, சுவரில் பச்சையும் வெள்ளையுமாக ஓடுகள். கட்டடம் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. கடை பேரன்கள் கைக்கு வந்தது. அந்தப் பேரன்களின் பாட்டி அடா, பைக் கடைக்காரர் குடும்பத்துப் பெண். அவர்கள் உலகப் பெயர் எடுக்கவில்லை. கோடிக்கு விற்கவும் இல்லை. பைச் செய்முறையை மாற்றாமல் வைத்துக்கொண்டு கல்லாவில் குடும்பத்து ஆளே உட்கார்ந்தார்கள். எது மேல் என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன், குடும்பத்துக்குக் குடும்பம் ஆசை வேறு. ஆனால் எந்த வழி என்பதைக் கடை திறக்கும் முன்னரே பேசிக்கொள்வது நல்லது. பிற்பாடு பேசினால் அது பாகப்பிரிவினைப் பேச்சாக மாறிவிடும்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 1987ல் ஒரு கணவனும் மனைவியும் வீட்டில் பலகாரம் செய்து விற்றுவந்தார்கள். மாமியார் சொல்லிக்கொடுத்த பக்குவம், அவ்வளவு ருசி. என்னிடம் ரொக்கத்துக்கு வாங்கிக்கொண்டிருந்தவர்கள், ஒரு பெரிய ஆலைக் கேண்டீனுக்கு மாதாந்தர ஆர்டர் கிடைத்ததும் கடனுக்குக் கேட்டார்கள். நானும் சந்தோஷமாக மூட்டை மூட்டையாகப் போட்டேன். கேண்டீன் பணம் மூன்று மாதம் தள்ளித் தள்ளி வந்தது. அதைவிட மோசம், ஒரு கிலோ பலகாரத்துக்கு அடக்கம் எவ்வளவு என்று அவர்கள் எழுதிப் பார்த்ததே இல்லை. விறகும் தங்கள் உழைப்பும் கணக்கில் இல்லை. ஆர்டர் கூடக் கூட நஷ்டம் கூடியது. வளையலை விற்று எனக்குப் பாதி அடைத்தார்கள். மீதியை நான் பேரேட்டில் அடித்துவிட்டேன். பணம் போனதுகூட மறந்துவிட்டது. "உங்களுக்கு அப்பவே தெரியுமா அண்ணாச்சி?" என்று அந்தப் பெண் கேட்டது மறக்கவில்லை. தெரியும். சரக்கு ஓடுகிறதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே நம் உறுப்பினரிடம் வாய் திறந்து சொன்னேன். மனைப் பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள். முதலில் உங்கள் அம்மா பக்கத்தில் தராசோடு பேரனை உட்காரச் சொல்லுங்கள். அவர் அள்ளிப் போடும் ஒவ்வொரு பிடியையும் போடுமுன் எடை பார்த்து நோட்டில் எழுதட்டும். பத்து நாள் எழுதினால் அளவு தெரிந்துவிடும், அதோடு கிலோவுக்கு அடக்கமும் தெரிந்துவிடும், பாட்டியின் நாலு மணி நேரத்துக்குக் கூலியும் அதில் சேரட்டும். அடுத்து, உங்கள் கடையிலேயே ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்து விற்றுப் பாருங்கள். பக்கத்து டீக்கடைகள் நாலுக்குப் போடுங்கள், கடன் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தையும் சொன்னேன். நம் நாட்டில் 1999ஆம் வருஷத்து வணிகக் குறிச் சட்டப்படி பெயரைப் பதிவு செய்யலாம். பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பலகாரச் சரக்குக்கு 30ஆம் வகுப்பு, உட்கார்ந்து சாப்பிடும் கடைக்கு 43ஆம் வகுப்பு, இரண்டும் வேறு வேறு. பெயர் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அவருக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கையும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த அம்மாதான் அம்மா. நாளைக்குத் தங்கை மகன் அடுத்த தெருவில் அதே பெயரில் கடை போட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் அதுவரை யோசித்ததாகத் தெரியவில்லை.

போன வாரம் மகனையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். பையன் கையில் நாற்பது பக்க நோட்டு. பாட்டி முறுக்குக்கு வெண்ணெய் போடும் அளவு நாளுக்கு நாள் மாறுகிறதாம், கேட்டால் "மாவைப் பார்த்துத்தான்டா போடணும்" என்கிறாராம். பையன் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறான். மாவின் ஈரத்துக்கும் வெண்ணெய்க்கும் ஏதோ கணக்கு இருக்கிறது, இன்னும் பத்து நாள் எழுதிப் பார் என்றேன். மனை அடமானப் பேச்சு இப்போது இல்லை. ஐந்து கிலோ சீனி மட்டும் வாங்கிப் போனார்கள், மாவுருண்டைக்கு. முறுக்குக்கும் மாவுருண்டைக்கும் மைதா தேவையில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.